2 மில்லிமீட்டர் கார்னெட் துண்டில் காந்தநிலை அலைகள்: வேலைமேசைக் குறிப்புகள்

பழைய ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு 'யிக்' ஆசிலேட்டர் புதிதில்லை. கனமான இரும்புக் கூட்டுக்குள் ஒரு மின்காந்தம், அதன் நடுவில் கடுகைவிடச் சின்ன யிட்ரியம் அயர்ன் கார்னெட் உருண்டை. காந்தப் புலத்தை ஏற்றினால் அதிர்வெண்ணும் ஏறும். இந்தப் பதிவு அந்த உருண்டையைப் பற்றியது இல்லை. அதே கார்னெட்டைச் சில மைக்ரான் தடிமனில் படலமாக வளர்த்தால் அதற்குள் காந்தநிலை அலைகள் ஓடும், அதாவது படலத்தின் காந்தமாக்கம் அலை அலையாக ஆடும். துண்டின் இரண்டு ஓரங்களிலும் மோதித் திரும்பும். திரும்பி வரும் அலை சரியாகப் பொருந்துகிற அதிர்வெண்களில் ஒத்ததிர்வு கிடைக்கும். அந்த ஒத்ததிர்வுகளை வீட்டு மேசையில், 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் ஒரு கையடக்க நெட்வொர்க் அனலைசரை (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் சிக்னல் அனுப்பி, எவ்வளவு கடந்து வருகிறது என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும். ஆனால் எடுத்தவுடனே தெரியாது. ஏன் தெரியவில்லை என்று துரத்திப் போனதில்தான் விஷயம் இருக்கிறது.

படலம் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நண்பரிடமிருந்து வந்தது. வேஃபர் உடைந்தபோது மிஞ்சிய ஓரத்துண்டு, கட்டைவிரல் நகம் அளவு. "பத்து மைக்ரான் பக்கத்துல இருக்கும்" என்றார். அதற்கு மேல் தகவல் இல்லை. இந்தப் படலங்களைக் காடோலினியம் காலியம் கார்னெட் தட்டின் மேல் வளர்ப்பார்கள். ஈய ஆக்ஸைடும் போரான் ஆக்ஸைடும் கலந்த உருகலில், 900 டிகிரி சுற்றுவட்டாரத்தில், தட்டை முக்கிச் சுழற்றி எடுப்பார்கள். இரண்டு படிகங்களின் அணிக்கோவை அளவும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஒன்று 12.376 ஆங்ஸ்ட்ராம், மற்றது 12.383. அந்தப் பொருத்தத்தால்தான் படலம் விரிசல் இல்லாமல் ஒற்றைப் படிகமாக உட்காருகிறது, இழப்பும் குறைவாக இருக்கிறது.

கார்னெட் என்று பெயர் இருந்தாலே போதும் என்று நினைத்துப் பழைய பபிள் மெமரி (காந்தக் குமிழிகளில் தரவைச் சேமித்த நினைவகம்) சிப்பைப் பெயர்த்து எடுக்க வேண்டாம். அதில் இருப்பதும் இதே வகைத் தட்டின் மேல் வளர்ந்த கார்னெட் படலம்தான். ஆனால் வேறு அரிய மண் தனிமங்களைக் கலந்து, காந்தமாக்கம் தட்டுக்குச் செங்குத்தாக நிற்கும்படி செய்திருப்பார்கள். நம் வேலைக்கு அது ஆகாது. ஒத்ததிர்வு அகலமாகிக் காணாமலே போய்விடும். ஃபைபர் ஆப்டிக் ஐசோலேட்டரில் இருக்கும் பிஸ்மத் கலந்த கார்னெட்டையும் நான் நம்ப மாட்டேன். சுத்தமான யிட்ரியம் கார்னெட்தான் வேண்டும்.

கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காற்றில் ஏர்ஸ்டெட்டும் காஸும் ஒரே எண்தான் என்பதால் எல்லாவற்றையும் காஸ் என்றே எழுதுகிறேன். இந்தக் கார்னெட்டின் செறிவுக் காந்தமாக்கம் (அதற்கு மேல் ஏறாத உச்ச அளவு) அறை வெப்பத்தில் சுமார் 1750 காஸ். ஒரு காஸுக்கு 2.8 மெகாஹெர்ட்ஸ் என்பது எலெக்ட்ரானின் கணக்கு. புலம் படலத்தின் தளத்திலேயே படுத்திருந்தால், புலத்தையும், புலத்தோடு 1750-ஐக் கூட்டிய தொகையையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 2.8-ஆல் பெருக்க வேண்டும். 500 காஸுக்கு: 500 பெருக்கல் 2250, வர்க்கமூலம் 1060.7, அதிலிருந்து 2970 மெகாஹெர்ட்ஸ். 1948-இல் கிட்டெல் கொடுத்த சூத்திரம் இது. இதற்கு மேலே, புலத்துக்குக் குறுக்காக ஓடுவது மேற்பரப்பு அலை; 500 காஸில் அதன் அதிர்வெண் பட்டை 2970-இல் தொடங்கி 3850 வரை போகிறது. இதற்குக் கீழே, புலத்தின் திசையிலேயே ஓடுவது பின்னோக்கு அலை. அது 1400 வரை இறங்கும். மேற்பரப்பு அலைக்கான கணக்கை 1961-இல் டேமனும் எஷ்பாக்கும் எழுதினார்கள். நான் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

இந்த அலைகளின் அழகு அவற்றின் சோம்பேறித்தனம். 3 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை காற்றில் 10 சென்டிமீட்டர் நீளம். படலத்துக்குள் அதே அதிர்வெண்ணில் 4 மில்லிமீட்டர் அலைநீளம் சாதாரணமாகக் கிடைக்கும். அப்படியென்றால் 2 மில்லிமீட்டர் அகலத் துண்டில் அரை அலை அடங்கிவிடும். அடுத்த ஒத்ததிர்வில் ஒரு முழு அலை, அதற்கடுத்து ஒன்றரை.

அலை மோதுகிற இரண்டு ஓரங்களும் நேராகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருக்க வேண்டும். கார்னெட்டுக்குப் பிளவுத்தளம் கிடையாது. வைர ஊசியால் கீறி உடைத்தால் கண்ணாடிச் சில்லு போல எங்கேயோ வளைந்து ஓடும். ஆய்வகங்களில் இதற்கென்றே வெட்டும் இயந்திரம் உண்டு. எனக்குக் கிடைத்தது திருச்சி. செயற்கைக் கல் பட்டை தீட்டும் தொழில் இங்கே பல குடும்பங்களின் பிழைப்பு. இன்னொரு பொருத்தமும் இருக்கிறது: 1970-களின் தொடக்கத்தில் இந்தக் காடோலினியம் காலியம் கார்னெட்டையே வைரத்துக்குப் பதிலாகப் பட்டை தீட்டி நகையில் வைத்து விற்றார்கள். பிறகு கியூபிக் ஜிர்கோனியா வந்து அதை ஒதுக்கிவிட்டது. ஆகவே கல் வேலைக்காரரிடம் கொண்டுபோனது ஒன்றும் கிறுக்குத்தனம் இல்லை.

பெரியவர் துண்டை வாங்கிக் குறுக்குவாட்டில் திருப்பி, கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் கோடு ஓடுது தம்பி. மேலயும் மஞ்சக் கோடு, கீழயும் மஞ்சக் கோடு. நடுவுல வெள்ளைக் கல்லு."

"ஒரு பக்கம்தான் வேணும் ஐயா. இன்னொன்ன எடுத்துறலாமா?"

"எடுக்கலாம். எது வேணும்னு மார்க் பண்ணிக் குடு. அப்புறம் வந்து மாத்தி எடுத்துட்டீங்கன்னு சொல்லப்படாது."

உருகலில் முக்கி எடுக்கும்போது தட்டின் இரண்டு முகத்திலும் படலம் வளர்ந்துவிடும். பின்பக்கப் படலம் அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் சும்மா இருக்காது. அதுவும் தனக்கென்று ஒத்ததிரும். இரண்டின் தடிமனும் கொஞ்சம் மாறினால் ஒவ்வொரு ஒத்ததிர்வுக்கும் பக்கத்திலேயே ஒரு நிழல் விழும். அது பின்பக்கப் படலம் என்று தெரியாவிட்டால் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நல்ல முகத்தில் நகப்பூச்சு தடவிக் கொடுத்தேன். ஸ்பிரிட் விளக்கில் குச்சி முனையின் அரக்கை இளக்கி, துண்டை அதில் குப்புற ஒட்டி, முதலில் பின்முகத்தைத் தேய்த்தார். மஞ்சள் போய் நிறமே இல்லாத கல் வெளியே வந்ததும் நிறுத்தினார். பிறகு மெல்லிய வைரச் சக்கரத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட வெட்டி, நீளப்பக்க ஓரங்களைச் சாணைத் தட்டில் வைத்துச் சமப்படுத்தினார். 2 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் நீளம். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஓரத்தில் சில மைக்ரான் ஆழத்துக்குச் சிதைவு தெரிகிறது. 4 மில்லிமீட்டர் அலைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒட்டியிருந்த அரக்கை ஸ்பிரிட்டிலும், நகப்பூச்சை அசிட்டோனிலும் ஊறவைத்துக் கழுவினேன்.

அலையை எழுப்பவும் பார்க்கவும் ஒரு கம்பி போதும். 0.8 மில்லிமீட்டர் சாதாரணப் பச்சை பிசிபியில் 50 ஓம் தடம் ஒன்று, இரண்டு முனையிலும் எஸ்எம்ஏ கனெக்டர். தடத்தின் அகலம் ஒன்றரை மில்லிமீட்டர். அவ்வளவு அகலமான தடம் குறுகிய அலைகளை எழுப்பாது. தடத்தின் ஒரு விளிம்பு தள்ளுவதை இன்னொரு விளிம்பு அழித்துவிடும். அதனால் நடுவில் 6 மில்லிமீட்டர் தடத்தைக் கத்தியால் உரித்துவிட்டு, அந்த இடைவெளியில் 0.1 மில்லிமீட்டர் எனாமல் கம்பியை இழுத்துப் பற்றவைத்தேன். அந்தத் துண்டில் 50 ஓம் பொருத்தம் கெடும்தான். 6 மில்லிமீட்டருக்குக் கெட்டால் கெடட்டும், கேலிப்ரேஷனில் கழித்துக்கொள்ளலாம். கார்னெட்டைப் படலப் பக்கம் கீழே இருக்கும்படி, நீளவாட்டம் கம்பியோடு சேரும்படி, கம்பியின் மேலேயே வைத்து, மேலே ஒரு சின்ன ஸ்பாஞ்சு வைத்து அழுத்தியாயிற்று. புலமும் கம்பியின் திசையிலேயே இருக்க வேண்டும். அப்போதுதான் அலை கம்பிக்குக் குறுக்காக, 2 மில்லிமீட்டர் அகலத்தில் போய் வரும். ஒத்ததிர்வு வரும் இடத்தில் கம்பி வழியாகப் போகும் சிக்னலைப் படலம் உறிஞ்சும்; திரையில் ஒரு பள்ளம் விழும்.

முதல் காந்தம் கடையில் கிடைக்கிற 25 மில்லிமீட்டர் நியோடிமியம் வட்டுகள், எதிரெதிராக, 45 மில்லிமீட்டர் இடைவெளியில். ஹால் சென்சர் (காந்தப் புலத்தை மின்னழுத்தமாகக் காட்டும் சிப்) நடுவில் 500-ஐ ஒட்டிக் காட்டியது. எஸ்எஸ்49ஈ என்ற மாடல் இதற்குப் போதும்: 5 வோல்ட்டில் ஒரு காஸுக்கு 1.4 மில்லிவோல்ட். அனலைசரில் 3 கிகாஹெர்ட்ஸைச் சுற்றி ஒரு மழுங்கிய சரிவு மட்டும் தெரிந்தது. காந்தத்தை எடுத்தால் சரிவு போகிறது, வைத்தால் வருகிறது. அலை இருப்பது உறுதி. ஒத்ததிர்வு என்று சொல்ல எதுவும் இல்லை.

காரணம் காகிதத்தில் கணக்குப் போட்டதுமே தெரிந்தது. வட்டுகள் அவ்வளவு சின்னதாக, அவ்வளவு தள்ளி இருக்கும்போது நடுப்புள்ளியில் புலம் மிகக் குறைவாக இருக்கும். அச்சு வழியே இரண்டரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே 3-இலிருந்து 4 சதவீதம் ஏறும். 500 என்பது துண்டின் முனையில் 518 ஆகிறது. 500 காஸ் அருகில் ஒவ்வொரு காஸும் அதிர்வெண்ணை 3.6 மெகாஹெர்ட்ஸ் நகர்த்தும். 18 காஸ் வித்தியாசம் என்றால் 65 மெகாஹெர்ட்ஸ் குழப்பம். அடுத்தடுத்த ஒத்ததிர்வுகளுக்கு இடையே 30, 35 மெகாஹெர்ட்ஸ்தான் எதிர்பார்த்தேன். இரண்டு மூன்று ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மெழுகியதுதான் அந்தச் சரிவு.

லேத் பட்டறையில் 10 மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீல் தகட்டில் 60 மில்லிமீட்டர் விட்டத்துக்கு இரண்டு வட்டம் கடைந்து வாங்கி, காந்தங்களின் முகத்தில் ஒட்டினேன். பின்னால் அதே தகட்டில் 'ப' வடிவச் சட்டம், ஒரு பக்கத்தில் இடைவெளியை மாற்ற எம்6 போல்ட். இரும்பு முகம் புலத்தை அகலமாகப் பரப்பிவிடும். இடைவெளி 30 மில்லிமீட்டருக்கு வந்தது. முகங்கள் இணையாக இருப்பதை வெர்னியர் வைத்து நாலு பக்கமும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் அவசரப்பட்டால் இரும்பு போட்டும் பயனில்லை. போல்ட்டைத் திருப்பும்போது விரலை உள்ளே வைக்காதீர்கள், காந்தம் இரக்கம் காட்டாது.

இப்போது சீப்பு வந்தது: திரையில் பற்கள் போல வரிசையாகப் பள்ளங்கள், ஒவ்வொரு பல்லும் ஓர் ஒத்ததிர்வு. அனலைசரை 2.95-இலிருந்து 3.15 கிகாஹெர்ட்ஸ் வரை மட்டும் ஓடவிட்டு 1001 புள்ளிகள் எடுத்தேன், புள்ளிக்கு 0.2 மெகாஹெர்ட்ஸ். கம்பி துண்டின் சரிநடுவில் இருக்கும்போது ஒன்றுவிட்டு ஒரு பல்தான் தெரிகிறது. இரட்டைப்படை ஒத்ததிர்வுகளுக்கு நடுவில் கணு விழுவதால் கம்பிக்கு அங்கே பிடி இல்லை. துண்டைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினால் எல்லாப் பல்லும் முளைக்கின்றன: 3008, 3043, 3075, 3106.

இடைவெளிகளைப் பாருங்கள்: 35, 32, 31. மேலே போகப் போகச் சுருங்குகிறது. டேமன், எஷ்பாக் கணக்கு சொல்வதும் இதைத்தான். குறுகிய அலைகளில் வளைகோடு மெல்ல மெல்லப் படுத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் எனக்குத் தெரியாதவை இரண்டே: துல்லியமான புலம், படலத்தின் தடிமன். நான்கு பற்களை வைத்து இரண்டையும் பொருத்தினால் புலம் 500-க்கு ஒரு காஸுக்குள்ளும், தடிமன் 12 மைக்ரானும் வருகிறது. 12 மைக்ரானுக்குக் கணக்கு கொடுக்கும் பற்கள் 3007, 3042, 3076, 3108. 10 மைக்ரான் என்று வைத்தால் இடைவெளிகள் 30, 29, 27 ஆகிவிடும். அது பொருந்தவே பொருந்தாது. பிசிபியின் அடித்தகடு பற்களை ஓரிரு மெகாஹெர்ட்ஸ் மேலே தள்ளும், 5 மில்லிமீட்டர் நீளம் முடிவில்லாதது இல்லை என்பது கொஞ்சம் கீழே இழுக்கும். இரண்டையும் நான் சேர்க்கவில்லை. ஆகவே 12-க்கு ஒரு மைக்ரான் முன்னே பின்னே. நண்பரின் "பத்து பக்கத்துல" தப்பில்லை. ஆனால் துண்டை உடைக்காமல், அறுக்காமல், நுண்ணோக்கி இல்லாமல் தடிமனைச் சொல்லிவிடலாம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஹால் சென்சரைவிடப் படலமே நம்பகமான காஸ்மீட்டர் என்பதும்.

பற்களுக்கு இடையே சின்னச் சின்னப் பள்ளங்களும் உண்டு. முதல் பல்லுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் கீழே ஒன்று, இரண்டாவதுக்கு 15 கீழே ஒன்று. அவை நீளவாட்டத்தில், புலத்தின் திசையில், ஒன்றரை அலை அடங்கும் ஒத்ததிர்வுகள். பின்னோக்கு அலையின் குணம் கொஞ்சம் கலந்திருப்பதால் கீழே போகின்றன. எண்ணும்போது இவற்றைப் பல் என்று எடுத்துவிட்டால் தடிமன் பாதியாக வரும்.

சீப்பு கிடைத்தாலும் பற்கள் ஆழமில்லை. முதல் பல் 4 டெசிபெல்தான். அடிப்பாகம் தட்டையாக, பத்து மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் கிடந்தது. நல்ல படலத்தின் கோட்டகலம், அதாவது ஒத்ததிர்வின் அகலம், அரைக் காஸ் என்பார்கள். அதை 3.6-ஆல் பெருக்கினால் 2 மெகாஹெர்ட்ஸுக்கும் குறைவு. புலம் இன்னும் சீராக இல்லையோ என்று துண்டை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். பல் நகர்ந்ததே தவிரக் கூர்மையாகவில்லை. ஓரங்களில் குறை என்றால் மேலே உள்ள பற்கள்தான் அதிகம் கெட வேண்டும். ஆனால் கெட்டிருந்தது முதல் பல்.

விடை பவரில் இருந்தது. அனலைசர் வெளியே அனுப்புவது ஒரு மில்லிவாட்டில் பத்தில் ஒரு பங்குதான். எல்.இ.டி.கூட அதில் மினுங்காது. ஆனால் இந்தப் படலத்துக்கு அதுவே வெள்ளம். அனலைசருக்கும் பிசிபிக்கும் நடுவே 10 டெசிபெல் அட்டெனுவேட்டர் (சிக்னலை வலுக்குறைக்கும் துண்டு) போட்டதும் பள்ளம் இறங்கியது. 20 போட்டதும் இன்னும். 30-க்கு மேல் ஆழம் மாறவில்லை, இரைச்சல் மட்டும் ஏறியது. 30 டெசிபெல்லில் முதல் பல் 9 டெசிபெல் ஆழம், அகலம் 3 மெகாஹெர்ட்ஸ். தட்டையான அடி கூர்மையாகிவிட்டது.

நடப்பது இது. படலத்தில் ஓடும் அலையின் ஒரு குவாண்டம், தன் அதிர்வெண்ணில் சரிபாதி கொண்ட இரண்டு ஸ்பின் அலைகளாக (இதே காந்த அலைகளின் மிகக் குறுகிய வகை) பிளந்து எதிரெதிர்த் திசைகளில் போக முடியும். அந்தப் பாதி அதிர்வெண்ணில் ஸ்பின் அலைகளுக்கு இடம் இருந்தால்தான் இது நடக்கும். ஸ்பின் அலைகளின் அடிமட்டம் ஏறக்குறைய புலத்தின் 2.8 மடங்கு. 500 காஸில் அடிமட்டம் 1400 மெகாஹெர்ட்ஸ்; 3008-இல் பாதி 1504. இடம் இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது. சிக்னல் ஒரு வாசலைத் தாண்டியதும் கூடுதலாக வருகிற ஆற்றலெல்லாம் அந்தப் பாதி அலைகளுக்கு ஓடிவிடும். ஒத்ததிர்வு அதற்கு மேல் வளராது. அந்த வாசலோ மைக்ரோவாட் கணக்கில் இருக்கிறது. அகலமும் தட்டையான அடியும் படலத்தின் குறையே இல்லை. நான் ஊற்றிய பவர்.

இதைச் சோதிக்க எளிய வழி, கதவை மூடுவது. போல்ட்டைத் திருகிப் புலத்தை 700 காஸுக்கு ஏற்றினேன். முதல் பல் 3.7 கிகாஹெர்ட்ஸுக்குப் போனது. பாதி 1.85, அடிமட்டமோ 1.96. பாதி அலைக்கு இடமே இல்லை. இங்கே அட்டெனுவேட்டரைப் போட்டாலும் எடுத்தாலும் பல் அசையவில்லை: அதே ஆழம், அதே 3 மெகாஹெர்ட்ஸ் அகலம். எல்லை எங்கே என்று கணக்குப் போட்டால் 583 காஸ், பட்டையின் அடி 3.27 கிகாஹெர்ட்ஸ். போல்ட்டைத் துளித்துளியாகத் தளர்த்தி இறங்கினால் முதல் பல் 3.3-ஐ ஒட்டி வரும்போது, அட்டெனுவேட்டர் இல்லாத ஓட்டத்தில், ஆழம் சட்டென்று பாதியாகச் சரிவதைப் பார்க்கலாம். இந்த முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. குவாண்டம் கணக்கு ஒன்றை ஒரு எம்6 போல்ட்டால் திறந்து மூடலாம்.

தொல்லை என்று நான் துரத்திய இதே குணத்தை வைத்துக் கருவியும் செய்கிறார்கள். ரிசீவரின் முன்னால் கார்னெட் படலத்தை வைத்தால், அளவுக்கு மீறி வலுத்து வருகிற ஒரு சிக்னலை மட்டும் அமுக்கி, பக்கத்து அதிர்வெண்ணில் இருக்கும் பலவீனமான சிக்னலை விட்டுவிடும் லிமிட்டர் கிடைக்கும். பழைய அறிவுரை ஒன்றும் இதிலிருந்து தெளிவாகிறது: 3 கிகாஹெர்ட்ஸ் சுற்றி இந்தப் படலத்தை அளப்பவர்கள் முதலில் பவரைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அட்டெனுவேட்டரை அனலைசரின் அனுப்பும் பக்கத்தில் போடுங்கள். போட்ட பிறகு கேலிப்ரேட் செய்யுங்கள். ஒற்றைப் போர்ட்டில் பிரதிபலிப்பை அளந்தால் சிக்னல் அதை இரண்டு முறை கடக்கும், 30 டெசிபெல் 60 ஆகிவிடும், இரைச்சல்தான் மிஞ்சும். இரண்டு போர்ட் அமைப்பை நான் விடாமல் பிடித்திருப்பது அதனால்தான்.

அடுத்த எதிரி வெயில். ஃபேன் ஓடும் அறையில் பற்கள் ஓடிக்கொண்டே இருந்தன. சூடாக ஆக கார்னெட்டின் காந்தமாக்கம் டிகிரிக்கு ஏறக்குறைய 4 காஸ் குறைகிறது. 500 காஸ் புலத்தில் அது 2.6 மெகாஹெர்ட்ஸ். நியோடிமியம் காந்தம் டிகிரிக்கு 0.11 சதவீதம் இழக்கிறது. அது இன்னொரு 2. இரண்டும் ஒரே பக்கம் இழுப்பதால் டிகிரிக்கு நாலரை மெகாஹெர்ட்ஸ் கீழே. பல்லின் அகலமே 3. காலையில் எடுத்த அளவும் மதியம் எடுத்த அளவும் பொருந்தாது என்பதைச் சொல்லவே வேண்டாம். மொத்தச் சட்டத்தையும் தெர்மோகோல் பெட்டியில் அடைத்து, இரும்புத் தகட்டில் ஒரு வெப்பமானி ஒட்டி, ஒவ்வொரு அளவோடும் வெப்பத்தையும் குறித்துக்கொள்கிறேன். சமாரியம் கோபால்ட் காந்தம் போட்டால் இரண்டாவது பங்கு பாதிக்கும் கீழே போகும். ஆனால் விலை கடிக்கும், படலத்தின் பங்கு அப்படியே இருக்கும்.

வெப்பத்துக்கு உண்மையான மாற்று, புலத்தைப் படலத்துக்குச் செங்குத்தாகத் திருப்புவது. அப்போது கணக்கே மாறுகிறது: புலத்திலிருந்து 1750-ஐக் கழித்து 2.8-ஆல் பெருக்கினால் பட்டையின் அடி. 2750 காஸ் கொடுத்தால் 2800 மெகாஹெர்ட்ஸ். இங்கே காந்தமாக்கம் குறைந்தால் அதிர்வெண் ஏறும், காந்தம் தளர்ந்தால் இறங்கும். ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். படலத்தால் டிகிரிக்கு 11 மெகாஹெர்ட்ஸ் மேலே, நியோடிமியத்தால் எட்டரை கீழே. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் பூதாகாரமான எண்கள், மிச்சம் இரண்டரைதான்.

சட்டத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, இடைவெளியை நெருக்கி, இன்னும் வட்டுகளைச் சேர்த்து 2750-க்குக் கொண்டுவந்தேன். பிசிபி இரும்பு முகங்களுக்கு நடுவே படுத்திருக்கிறது. அலைகள் இந்த அமைப்பில் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஓடுவதால் சீப்பு அவ்வளவு சுத்தமாக இல்லை. 2 மில்லிமீட்டர் பக்கத்துக்கும் 5 மில்லிமீட்டர் பக்கத்துக்கும் உரிய பற்கள் பின்னிக்கொள்கின்றன. எண்ணித் தீர்க்கப் பொறுமை வேண்டும். ஆனால் அட்டெனுவேட்டர் தேவையே இல்லை. ஸ்பின் அலைகளின் அடிமட்டம் இங்கே பட்டையின் அடியிலேயே, 2800-இல், உட்கார்ந்திருக்கிறது. பாதி அதிர்வெண் 1400-இல் ஒன்றும் இல்லை. அனலைசரின் முழுப் பவரிலும் பற்கள் கூர்மையாகவே நிற்கின்றன.

பெட்டியை மூடி, 60 வாட் பல்பால் மெல்லச் சூடேற்றி அளந்ததில் முதல் பல் டிகிரிக்கு 2 மெகாஹெர்ட்ஸ் சுமாராக மேலே நகர்கிறது, கணக்கோடு ஒத்துப்போகிறது. மேலே நகர்வது நல்ல செய்தி, ஏனென்றால் காந்தம் இன்னும் கொஞ்சம் வேகமாகத் தளர்ந்தால் மிச்சமும் அடங்கிவிடும். சாதாரண ஃபெரைட் காந்தம் டிகிரிக்கு 0.2 சதவீதம் தளரும். 2750 காஸில் நமக்கு வேண்டியது 0.145. புலத்தில் ஐந்தில் இரண்டு பங்கை ஃபெரைட் கொடுத்து மிச்சத்தை நியோடிமியம் கொடுத்தால் அங்கே போய் நிற்கும். பழைய ஸ்பீக்கர்களிலிருந்து கழற்றிய ஃபெரைட் வளையங்கள் இருக்கின்றன. அவற்றின் நடுத்துளையை அடைக்க இரும்பு வட்டம் கடைய லேத் பட்டறையில் சொல்லியிருக்கிறேன்.